மெதுவாக நின்ற சக்கரம்

மின்விசிறியை அணைத்துவிட்டு, அது நிற்கும்வரை அண்ணாந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். எந்த விசிறியும் சட்டென்று நிற்பதில்லை. வேகம் குறையும், இறக்கைகள் தனித்தனியாகத் தெரியும், பிறகு மனமில்லாமல் நிற்கும். என்ன நடந்தது என்று கேட்டீர்கள், மேடம். அது இங்கேதான் தொடங்குகிறது.

சனிக்கிழமை வேலைக்கு சர்வர் பிரிவிலிருந்து யார் வருவது என்று வெள்ளிதோறும் சண்டை. அதைத் தீர்க்க ஒரு இணையப் பக்கம் செய்யச் சொன்னீர்கள். செய்தேன். ஆளுக்கொரு நிறமாக ஐந்து நிறத்தில் ஒரு சக்கரம், மேலே ஒரு முள். பொத்தானை அமுக்கினால் சுற்றும். முள்ளுக்கு நேரே யார் நிறம் நிற்கிறதோ அவருக்கு வேலை.

முதலில் அது ஒரே வேகத்தில் சுற்றி, சுவரில் முட்டியதுபோல் நின்றது.

"இது சுத்துதா, இல்ல உள்ள யாராச்சும் புடிச்சு நிறுத்துறாங்களா?" என்றார் டெஸ்டிங் அக்கா.

"எல்லாம் செட்டிங்குக்கா. பாப்பாவுக்கு என்மேல என்ன கோவமோ" என்று என்னைக் காட்டிச் சொன்னார் மாட்டிக்கொண்டவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சக்கரம் பொய்யே அறியாதது.

அன்றைக்கே ஈஸிங் சேர்த்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. வேகத்தை ஒரே அளவில் வைக்காமல் ஒரு வளைகோட்டின்படி மாற்றுவது. தொடக்கத்தில் விறுவிறுப்பு, முடிவில் தயக்கம். அடுத்த வெள்ளி சக்கரம் என் மின்விசிறியைப் போலவே நின்றது.

"இப்பதான் நிஜமா சுத்துது" என்றார் அக்கா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சுழற்சியில் மறைக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எங்கே நிற்க வேண்டும் என்று முன்பே தெரியாமல் எதையும் அழகாக மெதுவாக்க முடியாது. சக்கரம் அசைவதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டிருக்கும். அதைக் கணினி எழுதிக்கொண்டிருந்தது. பிறகு நான் எழுதினேன். ஒரு வரிதான்.

நீல நிறத்துக்காரரைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற நால்வரும் மாட்டினால் ஊரைக் கூட்டுவார்கள். அவர் என்னைப்போல வாயில்லாப் பூச்சி. டீயில் சர்க்கரை இல்லாவிட்டாலும் கேட்காமல் குடித்துவிடுவார். அலுவலகத்தின் நிம்மதிக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. சந்தேகம் வராமல் இருக்க, இடையிடையே மற்றவர்களுக்கும் ஒரு வாரம் கொடுத்தேன்.

நீலம் வரும் வாரங்களில் வளைகோட்டைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தேன். சக்கரம் நீலத்தைத் தாண்டிப் பச்சைக்குப் போகும், பிறகு நீலத்துக்கே திரும்பி வரும். பச்சையில் அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். பிறகு உட்காருவார். அந்த அரை நொடி நம்பிக்கையை வேறு யார் அவருக்குக் கொடுத்தார்கள்?

"உன்னைச் சனி புடிச்சு ஆட்டுதுடா" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்தார்கள்.

அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் விடுமுறை. அது எனக்குத் தெரியும்.

"'அந்தச் சனிக்கிழமையவே கட்டிக்கோங்க'ன்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு சனிக்கிழமை மாலை என்னிடம் சொன்னார். டீ ஆறிப்போயிருந்தது.

"விடுங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி, வேறு டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரையோடு.

போன் திரையில் எது சுழன்றாலும் அவருக்குத் தலைசுற்றும். அதனால் போனில் அசைவுகளை அணைத்து வைத்திருப்பார். அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கம் சுழலாமல் விடையை மட்டும் காட்ட வேண்டும். பலர் இதற்கு மெனக்கெட மாட்டார்கள். நான் மெனக்கெட்டேன். அவருக்காகவே எழுதினேன்.

வழக்கமாகச் சக்கரம் சுற்றுவது சுவரில் இருக்கும் பெரிய திரையில்தான். போன வெள்ளி அது வேலை செய்யவில்லை.

"உன் போன்லயே அமுக்குடா" என்றார்கள்.

அமுக்கினார். சக்கரம் சுழலவில்லை. நீலம் வந்து நின்றது.

"என்னடா, சுத்தவே இல்ல? இன்னொரு தடவ அமுக்கு."

நீலம். மறுபடியும் நீலம். அக்கா போனைப் பிடுங்கி அமுக்கினார். நீலம்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். "ஏங்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அந்த வரியை எழுதியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் எனக்கு என்ன ஆதாயம் என்று நீங்கள் கேட்டதுதான் புரியவில்லை. நான் சர்வர் பிரிவே இல்லை. அந்தச் சக்கரத்தில் என் பெயர் கிடையாது. சனிக்கிழமைகளில் என்னை யாரும் வரச் சொன்னதும் இல்லை. அலுவலகம் அமைதியாக இருக்குமே என்று நானாகத்தான் வந்துகொண்டிருந்தேன்.