பூனை மேல் போட்ட பழி

கிள்ளானில் ஏறியபோதே ரயிலில் உட்கார இடமில்லை. எரிச்சலோடு நின்றேன். பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள். சின்னவள் முழங்கையைச் சொறிந்துகொண்டே சொன்னாள்:

“அரிக்கிறது கையில, டாக்டர் கழுத்தத் தடவிப் பாக்குறாருக்கா.”

“கழுத்துல என்னடி?”

“தைராய்டாம். என் உடம்பே அதைத் தாக்குதாம். அதோட சேர்ந்துதான் இந்தத் தடிப்பும் வருதாம்.”

“அப்ப உன் மாமியார் அம்மைன்னு வேப்பிலை கட்டினது?”

“அம்மையும் இல்ல, இறால் சாப்பிட்டதாலயும் இல்ல. பூனையாலயும் இல்லையாம்.”

“அடிப்பாவி! அந்தப் பூனையக் கொண்டுபோய் டெங்கில் ஊருல ஒரு வீட்டுக்குக் குடுத்துட்டியே!”

“பூனை முடிதான் உனக்கு ஆகலன்னு எல்லாரும் சொன்னீங்க. நீங்களும்தான்.”

“நான் சும்மா சொன்னேன் லா.”

சும்மா சொன்னாளாம்.

“மருந்து சாப்பிட்டா போயிடுமா?”

“போகலாம், போகாமலும் இருக்கலாம்ங்கிறாரு.”

“சரி, பூனையத் திரும்பத் தூக்கிட்டு வா.”

“நேத்து போனேன்க்கா. அந்த வீட்டுப் பிள்ளை மடியில படுத்திருக்கு. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல அழுதேன். அரிப்புக்கு அழுதேனா, பூனைக்கு அழுதேனான்னு எனக்கே தெரியல.”