பேசினில் இருபது புழுக்கள்

நல்ல மண்புழு உரத்துக்கு வாசனையே இருக்காது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், சார். அது தவறு. அதற்கு வாசனை உண்டு, முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை. இருக்கக் கூடாதது பழைய வாசனை. மீன் தலையோ முட்டைக்கோஸோ பப்பாளித் தோலோ, எதுவாக இருந்து உரமானதோ அதன் வாசனை துளிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் புழு இன்னும் வேலையை முடிக்கவில்லை என்று பொருள்.

என் பெயர் நிக்கோலாஸ். ஆனால் மரியாதைக்கு ஒரு 'மாங்' சேர்த்து மாங் குலாஸ் என்று கேட்டால்தான் இந்தப் பக்கம் யாருக்கும் தெரியும். மீன்துறைக்குப் பின்னால் இருக்கிற உரக்கொட்டகை என் பொறுப்பு. மணிலாவின் இந்தக் கரையோரத்தில் அப்படிப் பதினொரு கொட்டகைகள் இருக்கின்றன. எல்லாவற்றின் உரத்துக்கும் தரம் போடுகிறவன் நான்தான். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குவேன். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். முகர்ந்து பார்ப்பேன். பிறகு ஒரு தட்டில் பரப்பிப் பத்துப் பெச்சாய்க் கீரை விதை போடுவேன். குறைந்தது எட்டு முளைக்க வேண்டும். முளையின் நுனி கருகியிருந்தால் மூட்டையில் சிவப்புக் கோடு போட்டுவிடுவேன். மாமன் மச்சான் என்று யார் வந்து நின்றாலும் கோடு கோடுதான். ஆறு வருடமாக என் கொட்டகை மூட்டை ஒன்றில்கூட அந்தக் கோடு விழுந்ததில்லை.

புழுவுக்கு நாக்கு கிடையாது என்பார்கள். அதற்கு இருக்கிற நிதானம் நமக்குக் கிடையாது. உப்பு, எண்ணெய், வினிகர் மூன்றும் அதற்கு ஆகாது. அதனால் உணவகங்களிலிருந்து கழிவு வந்ததும் முதலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினில் சோதிப்பேன். ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு பிடி, கொஞ்சம் ஈர மண், எண்ணி இருபது புழு. உள்ளே இறங்கித் தின்றால் நல்லது. சுவரேறி ஓடப் பார்த்தாலோ சுருண்டு கிடந்தாலோ எந்த வாளி என்று கண்டுபிடித்துப் புதைத்துவிடுவேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது.

அந்தப் பேசினை என்னைவிட அதிகமாக நம்பியவள் லூடி. மீன்சந்தையில் கூட்டிப் பெருக்குகிறவள். புருஷன் கப்பலுக்குப் போனவன் போனவன்தான். ஜோனலின் என்று ஒன்பது வயதில் ஒரு பெண். தினமும் பத்து மணிவாக்கில் சந்தை வேலை முடிந்து வருவாள். கறி வாளியைக் கிளறி மிச்சக் கோழியைப் பொறுக்கி, தட்டி, கழுவி, மறுபடி பொரித்து வீட்டுக்கும் வைத்துக்கொள்வாள், துறையில் சுமை தூக்குகிறவர்களுக்கும் விற்பாள். பக்பக். உங்களுக்குத் தெரியாததா. உதறுவது என்றுதான் அர்த்தம், தூசியை உதறிவிட்டுத் தின்பது.

எடுப்பதற்கு முன்னால் பேசினைக் குனிந்து பார்ப்பாள்.

"மொதல்ல உங்க பிள்ளைங்க சாப்பிடட்டும் மாங் குலாஸ், அப்புறம் எங்க வீட்டுப் பிள்ளை சாப்பிடும். மாளிகையிலகூட இப்படி ருசி பாக்க ஆள் கெடைக்காது."

நானும் சிரிப்பேன். அவள் கோழி எடுத்ததில் எனக்கு ஒன்றுமில்லை, கறியைத் தொட்டியில் நான் போடுவதே இல்லை, அவள் பார்ப்பாளே என்றுதான் அதிலும் ஒரு பிடி பேசினில் வைப்பேன். அவள் கிளறிய விதம்தான் பிரச்சினை. அடோபோ கோழிக்கறியின் வினிகர்க் குழம்பை வடித்துக் கையில் அகப்பட்ட வாளியில் ஊற்றிவிடுவாள். அது பெரும்பாலும் காய்கறி வாளியாகவே இருக்கும். நான் இல்லாத நேரத்தில் ஊற்றியிருப்பாள், சோதனை முடிந்த வாளிதானே என்று நானும் அதைப் புழுத் தொட்டிக்குள் கொட்டிவிடுவேன். ஏப்ரலில் மூன்று தொட்டி புளித்தது. புழுக்கள் இரவோடு இரவாக விளிம்பேறி வெளியே விழுந்து காய்ந்து கிடந்தன. குனிந்து கூட்டியபோது எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் வெட்கமில்லை.

"லூடி, கறிய எடுத்துக்க, வேணாங்கல. கொழம்ப மட்டும் காய்கறியில ஊத்தாதேம்மா."

"புளிப்புக்கே செத்துப்போகுதா ஒங்க புழு? எங்க தெருவுல எதைக் குடுத்தாலும் சாக மாட்டேங்குறோம்," என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

மூன்று தடவை சொன்னேன். பலகை எழுதி வைத்தேன். பூட்டுப் போட்டேன், யாரோ உடைத்தார்கள். மே மாதம் என் விதைத் தட்டில் நான்குதான் முளைத்தது. அந்த நான்கும் நுனி கருகி நின்றன. என் கொட்டகையின் இருபத்தாறு மூட்டைகளில் என் கையாலேயே சிவப்புக் கோடு போட்டேன். மற்றக் கொட்டகைக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

ஜூன் மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு, உணவகக் கழிவு கொண்டுவருகிற போயெட் வழக்கம்போல் தன் மூன்று சக்கர வண்டியில் வாளிகளை இறக்கிவிட்டுப் போனான். பேசினில் சோதனை வைத்தேன். பத்து மணிக்கு லூடி வந்தாள். குனிந்து பார்த்தாள். இருபது புழுவும் உயிரோடு நெளிந்தன. கோழியை எடுத்துக்கொண்டு போனாள். உங்கள் ஆட்கள் விசாரணையின் முதல் நாள் எழுதிக்கொண்ட என் வாக்குமூலம் இதுதான். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, எடுத்துப் பாருங்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் துறையில் சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஜோனலின் மறுநாள் மதியம் வரை இருந்தாளாம். லூடி பிழைத்துக்கொண்டாள். மகள் தின்று மிஞ்சியதைத்தான் அவள் தின்பாள், அன்று அதிகம் மிஞ்சவில்லை.

லூடி வீட்டுச் சந்திலேயே ஜோனலினின் பெட்டியை வைத்திருந்தார்கள். நானும் போனேன். காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பெட்டிக் கண்ணாடியின் மேல் மஞ்சள் கோழிக்குஞ்சு ஒன்றை விட்டிருந்தார்கள். நியாயம் கிடைக்காமல் செத்தவர்களுக்கு அப்படி விடுவது வழக்கம். குற்றம் செய்தவன் மனசாட்சியை அது கொத்திக்கொண்டே இருக்குமாம். அது என்னைப் பார்க்கவில்லை. தவிடு தின்றுகொண்டிருந்தது. லூடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாங் குலாஸ், புழு உசுரோடதானே இருந்துச்சு? நான் பாத்தேனே. எனக்குக் கண்ணு தப்பிடுச்சா?"

"இருந்துச்சு லூடி. நானும்தான் பாத்தேன். நீ சரியா வேக வெக்கலயோ என்னவோ."

அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவசரமா எறக்கிட்டேன். அவ பசிக்குதுன்னா," என்றாள். அடக்கம் முடிந்த மறுநாள் உங்கள் ஆட்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னாளாம். அதனால்தான் இப்போது பின்கட்டில் உங்கள் காவலில் இருக்கிறாள்.

துக்க வீட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வழியில் ரொட்டிக்கடையிலோ காப்பிக்கடையிலோ கொஞ்ச நேரம் நின்று, கூட வருகிற ஆவியை அங்கேயே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கும் பக்பக் என்றுதான் பெயர். அன்று எல்லோரும் முனை ரொட்டிக்கடையில் நின்றார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. நான் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

அன்று உதறாமல் விட்டதுதான் இது. தொட்டிகள் தேறிவிட்டன. ஆகஸ்டில் விதைத் தட்டில் பத்துக்குப் பத்து முளைத்தது, நிறம் காப்பித் தூள்போல இருந்தது. முகர்ந்தேன். வினிகர், பூண்டு, பிரிஞ்சி இலை, கோழி. அடோபோ. சல்லடையில் மறுபடி சலித்தேன், அதே வாசனை. வேறு கொட்டகை மூட்டையைப் பிரித்தேன், அதிலும் அதே. கையைச் சோப்பால் ஏழு தடவை கழுவினேன். தூங்கி எழுந்தால் தலையணையில் இருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது, சார். பதினொரு கொட்டகை மூட்டைகளிலும் சிவப்புக் கோடு போட்டேன். செடிப்பண்ணை நடத்துகிற எவாங்கெலின் அம்மா வந்து அள்ளி முகர்ந்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மண் வாசனதான் வருது மாங் குலாஸ். வேற ஒண்ணும் வரல. ஒடம்பு சரியில்லையா?"

வேறு ஆள் தேடுகிறார்கள். மூக்கு போன தரக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்?

வாக்குமூலத்தில் பொய் இல்லை என்றேன். விடுபட்டது கொஞ்சம் இருக்கிறது. வாளியை இறக்கும்போது போயெட் ஒன்று சொன்னான். "மாங், நேத்து அந்தச் சமையக்கட்டுல கரப்பானுக்கு மருந்து அடிச்சாங்களாம், கோழிய மூடாம விட்டுட்டாங்களாம். பொதைச்சிடுங்க." சரி என்றேன். சோதனைக்கு அவசியமே இல்லை. ஆனாலும் பழக்கம், ஒரு பிடி எடுத்துப் பேசினில் வைத்தேன். எட்டு மணிக்குப் பார்த்தேன். இருபதும் சுருண்டு வெளுத்துக் கிடந்தன.

அவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். பேசினைக் கழுவினேன். புது மண் போட்டேன். நாலாம் நம்பர் தொட்டியிலிருந்து நல்ல கொழுத்த புழுவாகப் பொறுக்கி, எண்ணி இருபது விட்டேன். கோழி வாளிக்குப் பக்கத்தில், லூடியின் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். ஒரு நாள் வயிற்றுவலி வந்தால் பேசின் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும், கொட்டகைப் பக்கம் வர மாட்டாள் என்று நினைத்தேன். இருபது புழு இரண்டு மணி நேரத்தில் செத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அப்படி நினைத்தேன். லூடியின் சமையலில் ஒரு குறையும் இல்லை. நன்றாகவே வேக வைத்திருப்பாள்.

எழுதிவிட்டீர்களா, சார்? எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுவிடுகிறேன். இந்தப் பொட்டலத்தில் ஒரு பிடி உரம் கொண்டுவந்திருக்கிறேன். கொஞ்சம் முகர்ந்து பார்த்துச் சொல்லுங்கள். நான் தண்டனைக்காக வந்தேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு ரொட்டிக்கடையில் நிற்காமல் போய்விட்டேன், அதனால் இன்றைக்கு இங்கே நின்றேன், அவ்வளவுதான். என்கூட வந்த ஜோனலின் இனி உங்கள் ஸ்டேஷனிலேயே இருக்கட்டும். நான் கிளம்புகிறேன், தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற நேரமாகிவிட்டது.