ஒரு காது விழாத படம்

மேடையில் அமர்ந்திருக்கும் புகைப்படக்காரர் சங்கத் தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் ஈட்டோகு சந்தையில் நீலத்துணி விற்கும் பெண்களே, எல்லோருக்கும் வணக்கம். சந்தையில் கத்திப் பழகியவளிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கிறீர்கள். சீக்கிரம் திருப்பித் தர மாட்டேன்!

நம் படக்காரி மொரெனிகே நம்மை விட்டுப் போய்விட்டார். இந்த அபெயோகுட்டா ஊரில் அவர்முன் உட்காராத முகம் உண்டா? அவர் அதட்டாத மாப்பிள்ளைதான் உண்டா?

தொழில் பழகியது ஆசான் ஒகுன்சன்யாவிடம். ஆசானின் சட்டம் பெரியவர்களுக்குத் தெரியும். முகம் நேராக, கைகள் முழங்காலில், இரண்டு காதும் தெரிய வேண்டும், செருப்பு வரை படத்தில் விழ வேண்டும். சிரித்தால் எழுப்பி அனுப்பிவிடுவார். மொரெனிகே அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "ஆசான் எடுத்த மாதிரியே இருக்கே!" என்று ஊர் மெச்சும். "அப்ப என்னோடது எது, அக்கா?" என்று என் கடைக்கு வந்து புலம்புவார்.

அந்தச் சமயத்தில்தான் என் இரட்டைப் பெண்களில் கெஹிண்டே காய்ச்சலில் போனாள். அவளுக்கென்று ஒரு படம்கூட இல்லை. இரட்டையில் ஒன்று போனால், இருக்கும் பிள்ளையையே இருமுறை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே படமாக்குவது நம் வழக்கம். இருக்கும் மற்றவள் டைவோவை அழைத்துப் போனேன். ஆசான் வெளியூரில். மொரெனிகே எடுத்தார். முதலில் டைவோ டைவோவாகவே உட்கார்ந்தாள், நேராகப் பார்த்தாள். பிறகு அடுத்த நாற்காலிக்கு மாற்றி, "இப்ப நீதான் கெஹிண்டே, சரியா?" என்றார். பிள்ளை, தான் எழுந்து வந்த காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்து, "ஏய் டைவோ, ஆடாம உக்காருடி!" என்று சிரித்தாள். மொரெனிகே கேமராப் பொத்தானை அழுத்திவிட்டார்.

ஆசான் திரும்பி வந்து படத்தைப் பார்த்துக் குதித்தார். "ஒரு காது எங்கடி போச்சு? செத்த பிள்ளைக்கு இருக்கப்போற ஒரே படம், அதையும் கெடுத்துட்டியே! மறுபடி எடு!"

நான் வாங்கிப் பார்த்தேன். ஒருத்தி நம்மைப் பார்க்கிறாள். மற்றவள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். என் வீட்டில் அவர்கள் அப்படித்தானே இருந்தார்கள்! "யாரும் தொடாதீங்க. இது என் கெஹிண்டே" என்றேன்.

அதன்பிறகு மொரெனிகே தனி முகத்தை எடுத்ததில்லை. கணவனைப் பார்க்கும் மனைவி, மருமகளை முறைக்கும் மாமியார்... தலைவர் அவர்களே, உங்கள் கல்யாணப் படத்தில் நீங்கள் பார்ப்பது மாமனார் தட்டிலிருக்கும் கறியை! ஊருக்கே தெரியும்!

டைவோ வளர்ந்து அவரிடமே தொழில் கற்றாள். அவள் எடுத்ததெல்லாம் மொரெனிகே எடுத்தது போலவே இருந்தது. "நான் ஒருத்தி இருக்கேன்ல? இன்னொருத்தி எதுக்கு? போடி, உன் கண்ணால பாரு" என்று விரட்டினார். இப்போது அவள் எதையோ தேடுகிறாள். முதுகு மட்டும் விழுகிறது, முழங்கை மட்டும் விழுகிறது. என் பேத்திக்குப் பெயர் வைத்த நாளில் எடுத்த படத்தில் குழந்தையே இல்லை, அவளை ஏந்திய கைகள்தான். அதைக் கூடத்தில் மாட்டி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ஆனால் வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். அக்கா விட்டுப்போன படக்கடையை மூடிவிடலாம் என்கிறார்கள் மொரெனிகேயின் தம்பிகள்.

பெண்களே, மூட விடலாமா? திங்கட்கிழமை டைவோ கதவைத் திறப்பாள். நல்ல துணி உடுத்திக்கொண்டு நாம் போய் உட்காருவோம். முதுகைக் கேட்டால் முதுகைக் கொடுப்போம். முழங்கையைக் கேட்டால் முழங்கை! அவளுக்கு அவளுடையது அகப்படும் வரை உட்காருவோம்.

மொரெனிகே, நிம்மதியாகப் போய் வா, தாயே. திங்கட்கிழமை முதல் ஆளாக நான் போகிறேன்.