கதவு சாத்திய காசு

விளக்கை இப்படி இழுத்து வையுங்கள். என் கூட்டாளி புஸ்கசின் மச்சான் வாலென்சுக்கு நடந்தது இது.

இரண்டாம் சாமம். ரோமாபுரியின் துறைமுகமான ஓஸ்தியாவை விட்டு வெளியே போகும் சாலை... இரண்டு பக்கமும் கல்லறைகள். வாலென்ஸ் தனியாக, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

கையில் ஒரு பழைய வெண்கலக் காசு. ஒரு பக்கம் இரட்டை முகச் சாமி; ஒரு முகம் முன்னே பார்க்கும், ஒரு முகம் பின்னே பார்க்கும். மறுபக்கம் கப்பல். 'தலையா கப்பலா' ஆட்டத்தில் அவன் அண்ணன் கோட்டா அதை வைத்துத் தோற்றதே இல்லை. சாகும்போது சொன்னான்: "டேய், இதையே என் நாக்குக்கு அடியில வச்சிரு. செத்தவங்கள ஆத்தைக் கடத்துற படகுக்காரனுக்குக் குடுக்கணும்."

வாலென்சுக்கு மனசு வரவில்லை. செத்தவனுக்கு எந்தக் காசானால் என்ன? ஒரு புதுக் காசை வைத்து வாயை மூடிவிட்டான். அதில் ஒரு பக்கம் சீசரின் தலை, மறுபக்கம் கதவு சாத்திய கோயில். நேற்றுதான் புதைத்தார்கள்.

இன்று சாராயக்கடையில் அண்ணன் காசை வைத்து ஆடி ஜெயித்த குஷியில், காசை மாற்றியதை உளறிவிட்டான். கடைக்காரி வெண்டியா ஊற்றுவதை நிறுத்தினாள்.

"கதவு சாத்துன காசையா குடுத்தே? பாவி... அவன் எப்படிப் படகேறுவான்? நேரா உன் வீட்டுக்குத்தான் வருவான்."

வீட்டில் தாயில்லாப் பிள்ளை பவுலா. ஆறு வயசு. உள்ளே தூங்கவைத்து, வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தான்.

சளப்... சளப்...

பின்னால் ஈரக் கால்கள். ஆற்றுச் சேற்று நாற்றம். கூடவே, பிணத்துக்குப் பூசிய எண்ணெய் வாசம். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. நிலா வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்தான். காசில், பின்னே பார்க்கும் முகம்... கண்ணை இறுக மூடியிருந்தது.

"அண்ணே, தப்புதாண்ணே. இந்தா, எடுத்துக்க. என் பிள்ளைய விட்டுருண்ணே."

தலைக்கு மேலாகப் பின்னால் வீசினான். கல் பாவிய சாலை... ஆனால் காசு விழுந்த சத்தமே கேட்கவில்லை.

சற்று நேரம் அமைதி. பிறகு, சளப்... சளப்... இப்போது அவனுக்கு முன்னால். வீட்டுப் பக்கமாக.

விழுந்தடித்து ஓடினான். போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தான். பவுலா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசினாள்.

"பெரியப்பா வந்தாருப்பா. கப்பல் கெடச்சிருச்சாம். இது இனிமே எனக்காம்."

நாக்கை நீட்டினாள். நுனியில், அண்ணன் வாயில் வைத்த அந்தப் புதுக் காசு. கோயில் தெரிந்தது.

கதவு திறந்திருந்தது.