மறியல் கேட்ட ஊர்

— அந்த ஊரிலை முதல் குடியேறினது ஆர் எண்டு கேட்டனான். அதுக்குப் பதில் சொல்லு, மிதுஷா.

— அப்பா, கலியாணம் எனக்கும் பிருந்தனுக்கும். எனக்கும் ஹார்லன்வில்லுக்குமில்லை.

— அமெரிக்காவிலை நீ போய்ச் சீவிக்கப்போற ஊர். ஊரை விசாரியாமல் பொம்பிளை குடுத்த பரம்பரை இல்லை எங்கட. பெடியன்ரை தகப்பன் தயாநிதியை விசாரிச்சாச்சு, குறை இல்லை. இனி ஊர்.

— சரி. ஹார்லன் எண்டு ஒருத்தர் ஆத்தங்கரையிலை மா அரைக்கிற மில் போட்டவராம். பிறகு சாராயம் விக்கிற ஒரு தவறணை வந்ததாம். பிறகு இன்னொரு தவறணை.

— கோயில்?

— தேவாலயம் மூண்டாவது தவறணைக்குப் பிறகு.

— யோகம்! உன்ரை மகள் சொல்லுறது கேட்டதோ?

— கேக்குது, கேக்குது. குசினி என்ன, அங்கை கூர் நகரத்திலையோ கிடக்கு?

— அங்கை ஒரு பல்கலைக்கழகம் இருக்கெண்டினம், அது எப்பிடி வந்தது? அதையாவது சொல்லு, கொஞ்சம் நிமிர்ந்து இருப்பம்.

— அது வந்தப்பா... ஒரு ஊருக்குக் கள்ளரை அடைக்கிற மறியல்சாலை, இன்னொரு ஊருக்குப் பல்கலைக்கழகம் எண்டு அரசாங்கம் சொன்னதாம். ஹார்லன்வில் சனம் மறியலைத்தான் கேட்டதாம். பக்கத்து ஊர் முந்தியிட்டுது, இவைக்கு மிஞ்சினதுதான் பல்கலைக்கழகம்.

— மறியலைக் கேட்டதோ!

— படிக்கிற பெடியள் லீவுக்கு வீட்டை போயிடுவினம். கைதியள் போகமாட்டினமெல்லோ. கடைக்காரர் அப்பிடி யோசிச்சிருக்கினம்.

— இஞ்சை வின்டர்தூரிலை நான் நாலு பேருக்கு முகம் குடுக்கிறேல்லையோ? சம்பந்தி எந்த ஊர் எண்டு கேட்டால், மறியல் கேட்டும் கிடைக்காத ஊர் எண்டு சொல்லுறதோ?

— இப்ப நல்ல ஊர் அப்பா. சின்ன நகரம், பாதிப் பேர் மாணவர்கள், எங்கை பாத்தாலும் மரம்.

— கோடையிலை?

— கோடையிலை... தெருவிலை நாயும் இல்லையாம்.

— முடிஞ்சுது. இந்தச் சம்பந்தம் சரிவராது. கூரிலை கஜலக்சுமியின்ரை மகன் இருக்கிறான். ஊர் எண்டால் அது ஊர், ரோமர் காலத்திலையிருந்து கிடக்கு.

— அவனுக்குப் போன வருசம் கலியாணம் முடிஞ்சுது. நீங்கள் போய்ச் சாப்பிட்டும் வந்தனீங்கள்.

— ஊர் எப்பிடி இருக்கோணுமெண்டதுக்குச் சொன்னன். நீ அழாதை. வேண்டாமெண்டால் வேண்டாம்.

— இஞ்சேருங்கோ, நீங்கள் ஏன் கத்துறியள்? மத்தியானம் தயாநிதி அண்ணை போன் எடுத்தவர். அவையளும் எங்கட ஊரை விசாரிச்சவையாம்.

— வின்டர்தூரையோ? அதிலை என்ன விசாரிக்கக் கிடக்கு?

— பட்டறையும் புகையுமாய்க் கிடந்த ஊராம். அவரின்ரை மனுசிக்கு மனமில்லையாம். சரிவராது போல கிடக்கு எண்டவர்.

— என்ன! உலகத்துக்கு ரயில் எஞ்சின் செய்து குடுத்த ஊரை, தவறணைக்காரர் வேண்டாமெண்டினமோ? நித்தியானந்தன்ரை மகளை வேண்டாமெண்டு சொல்ல அவை ஆர்?

— அப்பா, பொறுங்கோ, பிருந்தன் என்னட்டை ஒண்டும்...

— நீ வாயைத் திறவாதை! இந்தக் கலியாணம் நடக்கும். தையிலை நாள் வைக்கச் சொல்லி நானே ஐயரிட்டைப் போறன். என்ரை சப்பாத்து எங்கை?

— வாசலிலை. வழுக்கும், பாத்துப் போங்கோ. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ.

— அம்மா... பிருந்தன்ரை அப்பா உண்மையாவே அப்பிடிச் சொன்னவரோ?

— மூக்கைத் துடை, பிள்ளை. துடைச்சுப்போட்டு மாமாவுக்குப் போனைப் போடு. மத்தியானம் அவர் எங்களோடை கதைச்சவர் எண்டு நான் சொன்னது அந்த மனுசனுக்கும் தெரியோணுமெல்லோ.