இல்லாத முடிக்கு ஒரு கட்டிங்

ஆடாதீங்க சார், கத்தி கழுத்துக்கிட்ட இருக்கு. வாயைத் திறக்கவே வேண்டாம். ஆமான்னா ஒரு விரல், இல்லன்னா ரெண்டு விரல், அவ்ளோதான். நான் மேடையில சொல்லப் போறதை இப்பவே ஒரு தடவை சொல்லிடுறேன், நீங்க வெளிநாட்டுக்காரங்க பாஷைக்கு மாத்த வார்த்தை தேடி வச்சுக்குங்க. மூணு மணிக்குத்தானே நம்ம முறை? இப்ப ஒண்ணேமுக்கா. ரோட்டைத் தாண்டினா மாநாட்டு ஹாலு. நிறைய நேரம் கெடக்கு. நீங்க கண்ணாடிக் கூண்டுக்குள்ளதான் உக்காரப் போறீங்க, யாரும் பாக்க மாட்டாங்க, தெரியும். அதுக்காக மூணு நாள் தாடியோடவா? எனக்கு மொழிபெயர்க்க வந்தவர் இப்படியிருந்தா என் கடை மானம் என்னாவுறது?

நாப்பது நாட்டுலேருந்து வந்திருக்காங்களாமே. எல்லாரும் இனிமே குணமாகாதுன்னு சொல்லிட்ட குழந்தைங்களைப் பாத்துக்கிறவங்க. வலி தெரியாம வச்சுக்கிறது, மூச்சு முட்டாம பாத்துக்கிறது, அப்பா அம்மாவைப் பக்கத்துலயே படுக்க வச்சுக்கிறது, அதான் அவங்க வேலை. அவ்ளோ பெரிய டாக்டருங்க, நர்ஸுங்க நடுவுல முடிவெட்டுறவனுக்கு எட்டு நிமிஷம்! அழைப்பிதழ்ல எனக்கு என்ன பட்டம் போட்டிருக்காங்க பாத்தீங்கல்ல? நிபுணராம். என் மச்சான் அதைப் போட்டோ புடிச்சு சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம அனுப்பிட்டான். இப்ப வீட்ல ஒரு டம்ளர் தண்ணி கேட்டாக்கூட, நிபுணர் எந்திரிச்சுப் போய் எடுத்துக்கலாமேங்கிறா எங்க வீட்டம்மா.

எட்டு நிமிஷத்துக்குப் பயமில்ல சார். முடிஞ்சதும் கேள்வி கேப்பாங்களாமே, அதுல ஒரு கேள்விக்குத்தான் பயம். இதை எப்படி ஆரம்பிச்சீங்கன்னு கண்டிப்பா எவனாவது கேப்பான். மொத வரிசையில எங்க வீட்டம்மா உக்காந்திருப்பா. அவளை வச்சுக்கிட்டுப் பதில் சொல்லணும்.

சரி, விஷயத்துக்கு வரேன். செவ்வாய்க்கிழமை நம்ம கடை லீவு. அன்னிக்கு நம்ம ஊர்ல அந்த மாதிரிப் பிள்ளைங்களை வச்சுப் பாத்துக்கிற வீட்டுக்குப் போயிடுவேன். பதினாலு கட்டில். மருந்து ஏத்தி ஏத்திப் பாதிப் பேருக்குத் தலையில ஒத்த முடி இருக்காது. ஆனா கட்டிங் உண்டு. இந்த இடத்தை நீங்க தெளிவா மாத்திடணும் சார், இல்லன்னா என்னைப் பைத்தியம்னு நெனச்சுப்பாங்க. துணி போத்துவேன். புஸ்ஸுனு தண்ணி அடிப்பேன். எப்படி வெட்டணும்னு கேட்டுக்குவேன். கத்திரியைக் காதுக்கிட்ட கொண்டுபோய்க் காத்துல ஓட்டுவேன், சரக் சரக்னு. அந்தச் சத்தத்துக்கு அப்படியே கண்ணு சொக்கும் பாருங்க. கழுத்துல பவுடர், பின்னாடி கண்ணாடி, எதையும் விட மாட்டேன்.

சிரிக்காதீங்க, கிருதா கோணிக்கும். கேளுங்க இன்னும். போன மாசம் ஒருத்தி, ஒம்பது வயசு. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, முன்னாடி ரொம்பக் குறைச்சிட்டீங்க மாமா, மொதலாளியைக் கூப்பிடுங்கன்னுட்டா. நான் கதவு வரைக்கும் போய், சட்டைப் பித்தானை மேல வரைக்கும் போட்டுக்கிட்டு, மொதலாளியா திரும்பி வந்து மன்னிப்பு கேட்டேன். அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க, பாவம்னு அவகிட்டேருந்து சிபாரிசு வேற.

இன்னொருத்தனுக்கு எங்க தொழில்ல இல்லாத சுத்தம். வெட்டி முடிச்சுட்டுக் கெளம்பினேன். என்ன போறீங்க, இவ்ளோ முடி கொட்டிக் கெடக்கு, யாரு கூட்டுறதுங்கிறான். துடைப்பம் வாங்கி வெறுந்தரையைக் கூட்டினேன். கட்டிலுக்கு அடியில, அடியிலங்கிறான். குனிஞ்சு அதையும் கூட்டினேன். அன்னிக்குத்தான் வேலைக்கு வந்த நர்ஸு ஒண்ணு, இப்பதானே பெருக்கினாங்க, என்ன அள்றீங்கன்னுச்சு. முடின்னேன். அது தரையைப் பாக்குது, என்னைப் பாக்குது, முறத்தைப் பாக்குது. பையன் வயித்தைப் புடிச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சான். இப்ப அந்த நர்ஸே ஒரு முறம் வாங்கி வச்சிருக்கு எனக்காக.

மேடையில செஞ்சு காட்டணுமாம் இதை. யார் தலையிலன்னு கேளுங்க. ஒரு பெரிய டாக்டர் இருக்காராம், உலகம் பூரா பேர் போனவர், மண்டை பளபளன்னு கிண்ணத்தைக் கவுத்த மாதிரி. அவரே, நான் உக்காருறேன், இருபது வருஷம் ஆச்சு கட்டிங் பண்ணின்னு கேட்டு வாங்கியிருக்கார். எப்படி வெட்டணும்னு அவரைக் கேக்கப் போறேன். அதை மாத்தும்போது சிரிச்சுடாதீங்க, மைக்குல கேக்கும்.

என்ன, கை தூக்குறீங்க? ஓ, எப்படி ஆரம்பிச்சேங்கிற அந்தக் கேள்வியா. அந்த வீட்டு டாக்டரம்மா கூப்பிட்டாங்க, போனேன். அதான் ஆரம்பம். ரெண்டு விரலா? நம்பலையா? சரி, புண்ணியமாப் போகுதுன்னு செஞ்சேன், வச்சுக்குங்க. மறுபடியும் ரெண்டா? மொழிபெயர்க்கிறவர்கிட்ட பொய் சொல்றது கஷ்டம்தான் போல. ரெண்டு பாஷையிலயும் நிக்கணும்ல.

இருங்க, மொகத்தைத் துடைச்சு விடுறேன்.

எங்க பொண்ணு அங்கதான் சார் இருந்தா. ஜன்னலோரக் கட்டிலு. ஏழு வயசு. பதினோரு வருஷம் ஆச்சு. வீட்டம்மா குளிச்சிட்டு வரேன்னு போயிருந்தா. நான் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கு வெட்டிட்டு நேரா வந்தேன், தோள்ல பை, உள்ள கத்திரி. அப்பா, எனக்கும் வெட்டுன்னா. வெட்ட என்ன இருக்கு? முளைக்கட்டும்டா தங்கம், அப்புறம் வெட்டுறேன்னேன். சரின்னு தலையைத் திருப்பிக்கிட்டா. அடம்கூடப் பிடிக்கல. அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலையில போயிட்டா.

அன்னியோட விட்டேன் அந்த வார்த்தையை. நீங்க நாற்காலியில உக்காந்ததுலேருந்து யோசிச்சுப் பாருங்க, அந்த ஒரு தடவையைத் தவிர சொல்லியிருக்கேனா? முடிவெட்டுறவன் சார் நான். அப்புறம் சார், வேறென்ன விசேஷம்னு அந்த வார்த்தையில ஆரம்பிச்சுத்தான் எங்க தொழிலே ஓடும். அந்த வீட்ல எந்தப் பிள்ளையும் என் வாயால அதைக் கேட்டதில்ல. என்ன கேட்டாலும் இப்பவேதான்.

பொண்ணு அன்னிக்குக் கேட்டதும், நானாத்தான் அங்க போய் நின்னேங்கிறதும் வீட்டம்மாவுக்குத் தெரியாது. டாக்டரம்மா கூப்பிட்டுத்தான் நான் போறேன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்கா. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு, இதை மட்டும் பதினோரு வருஷம் தள்ளிட்டேன் பாருங்க. இன்னிக்குச் சொல்லிடுறேன். எவனும் கேக்கலன்னாலும் சொல்லிடுறேன்.

இந்தாங்க, பின்னாடி கண்ணாடி. கழுத்துக்கிட்ட சரியா இருக்கா? ஒரு விரலா? போதும் போதும், இப்ப வாயாலயே சொல்லலாம்.

ஒரே ஒரு உதவி சார். அந்த இடம் வரும்போது நீங்க அவசரப்படாம நிறுத்தி நிதானமா மாத்துங்க, எத்தனை நாட்டுக்காரங்க இருக்காங்களோ அத்தனை பேருக்கும் புரியட்டும். நீங்க மாத்திச் சொல்றதைக் கேக்க, வாசல்ல ஆளாளுக்குக் காதுல மாட்டிக்க ஒரு மெஷின் குடுப்பாங்கல்ல? அதை மொத வரிசையில எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் குடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. அவளுக்கு நேராவே புரிஞ்சிடும்.