இன்ஜின் பதில் சொல்லவில்லை

ஹலோ... தவுலத்தா? நான்தான் தம்பி, சாகின்தாய் அண்ணன்... ஆமா, ஆமா, பண்ணையிலேர்ந்துதான். வண்டி கிளம்பல. சாவியத் திருப்பினா விளக்கெல்லாம் எரியுது, இன்ஜின் அசையவே இல்ல...

கோளாறு காட்டும்னு நீ குடுத்த குட்டி மிஷின மாட்டிப் பாத்துட்டேன். யூ, சைபர், ஒண்ணு, சைபர், சைபர்... ஆமா, இன்ஜின் கம்ப்யூட்டரோட தொடர்பு இல்லையாம். அது செத்துப்போச்சு, அவ்வளவுதானே?... யாரு சொல்றதுன்னா? இரு... பிரேக்கோட கம்ப்யூட்டர் சொல்லுது. கியர்பெட்டி சொல்லுது... இன்ஜின் ஒண்ணுமே சொல்லல...

ஓ. 'அது எங்ககூடப் பேசல'ன்னு மத்ததுங்க சொல்லுது. அது உயிரோட இருக்கலாம்... நடுவுல வயர் அறுந்திருந்தாலும் இப்படித்தான் காட்டுமா...

...சரி, பானட்டத் தூக்கிட்டேன்.

ஃபியூஸ் நல்லாருக்கு... கம்பளிக்கு அடியிலயா? குளிருக்கு இன்ஜின் மேல போத்தினது. உன் அண்ணி குல்ஜான் தச்சது. வண்டியவே எடுக்கல... அவளப் புதைச்சுட்டு வந்ததுலேர்ந்துதான். நான் எங்க போறேன், சொல்லு...

குதிரையிலயா? அத வித்துட்டேன்... பக்கத்துப் பண்ணை கன்னாபே எங்க இருக்கான்? குடும்பத்தோட டவுனுக்குப் போயிட்டான். இங்க நானும் நாய் அக்தோஸும்தான்... அதான் சொல்றேன், சாயங்கால ரயில்ல பால்ஜான் வர்றா. அவ அம்மா போனப்புறம் இப்பத்தான் வர்றா. என் பொண்ணு என்கிட்டப் பேசியே நாளாச்சு. ஸ்டேஷன் கட்டடம் பூட்டிக் கிடக்கு, இந்தக் காத்துல வெளிய நிக்க முடியாது... அவளுக்குப் போன் அடிச்சுப் பாத்தேன், ரயில்ல சிக்னல் இல்ல போல.

இரு, உன்ன ஸ்பீக்கர்ல போட்டு மட்கார்டு மேல வைக்கிறேன்...

நாசமாப் போச்சு. எலிடா. கம்பளியப் பிச்சு உள்ளயே கூடு கட்டியிருக்கு... சிரிக்காத... ஆமா, முறுக்கின ரெண்டு வயரு. ரெண்டையும் கடிச்சிருக்கு... பேட்டரியக் கழட்டிட்டேன்... அந்தந்தக் கலர அந்தந்தக் கலரோட, சரி சரி... பொறு, விரல் மரத்துப்போச்சு... டேப்பு சுத்திட்டேன்... பேட்டரியும் மாட்டியாச்சு. திருப்பட்டுமா?

...

கேக்குதா?... ஓடுது தம்பி. ஓடுது.

...மெதுவாத்தான் போவேன்... வைக்காத, இன்னும் கொஞ்சம் இரு. அவகிட்ட முதல்ல என்ன கேக்குறது? சாப்பிட்டியான்னா?... நீ உன் பொண்ணுகிட்ட என்னடா பேசுவ?... ஹலோ?... தவுலத்?...

போயிடுச்சு.

அக்தோஸ், ஏறு உள்ள. உன்னையாவது கட்டிப்பா.